நோயை நுகர்ந்தறியும் உயிர்கள்

(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்றைய கூட்டத்தில் நான் எலியைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று நமது காரியதரிசி அவர்களிடம் சொன்னபோது, அவர் சிறிது நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "விநாயக சதுர்த்திக்கு இன்னும் நாளிருக்கிறதே, தம்பி" என்றார். அவர் சொன்னதிலும் நியாயமுண்டு. ஆனைமுகப் பெருமானைச் சுமக்கும் பேறு பெற்ற அந்தப் பிராணியை நாம் நினைப்பது வருடத்தில் ஒரு நாள். எஞ்சிய நாட்களில் அதற்கு நம் வீடுகளிற் கிடைப்பவை பொறியும் பாஷாணமுமே. நெல் மூடையைக் கடிப்பது, குரும்பையைக் கோதி வீழ்த்துவது, கொள்ளை நோயைக் கொண்டுவருவது ஆகிய குற்றங்கள் யாவும் அதன் தலையிலே சுமத்தப்பட்டிருக்கின்றன. அவற்றுட் பல மெய்யான குற்றங்களே. எலிக்காக வழக்காட நான் இங்கு எழுந்திருக்கவில்லை. ஆனால் எலியினத்தைச் சேர்ந்த ஒரு பிராணி, ஆபிரிக்காக் கண்டத்திலே, மனிதரின் கண்ணுக்குத் தப்பிய நோயைத் தன் மூக்கினாற் கண்டுபிடித்துக் கொடுத்து வருகிறது. அந்த வரலாற்றையும், அதனோடு ஒட்டிய வேறு சில செய்திகளையும் உங்கள் முன் வைப்பதே என் நோக்கம்.

பேச்சின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொற்றுநோயை வெல்வதற்கு மருந்து வேண்டும் என்பது யாவரும் அறிந்த உண்மை. ஆனால் மருந்துக்கும் முந்தி வேண்டப்படுவது ஒன்றுண்டு. நோய் யாரிடத்தில் இருக்கிறது என்ற அறிவே அது. "உமக்கு நோய் இல்லை" என்று பிழையாகச் சொல்லி வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒருவர், தாமும் நலிந்து, தம்மை அறியாமலே மனைவிக்கும் மக்களுக்கும் அயலாருக்கும் அந்நோயைக் கொடுத்துவிடுகிறார். இவ்வாறு தப்பிப்போன ஒருவரைத் தேடிப் பிடிப்பதிலேதான் ஒரு தேசத்தின் சுகாதாரம் தங்கியிருக்கிறது. அந்தத் தேடுதலுக்கு மிருகங்களின் மூக்கு எவ்வளவு உதவும், எவ்வளவு உதவாது என்பதை நாம் நடுநின்று ஆராய்வோமாக.

நோய்க்கு மணமுண்டு என்பது புதிய கண்டுபிடிப்பன்று. பண்டைக் கிரேக்க வைத்தியர் ஹிப்போகிரற்றீஸின் பெயரால் வழங்கும் சூத்திரத் தொகுதியிலே, சயரோகிகளின் சளியைத் தணலில் இடும்போது கடுநாற்றம் எழுமாயின் அது கேடான அறிகுறி என்ற கருத்துக் காணப்படுகிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்தக் குறிப்பை எழுதியவருக்குக் கிருமி என்றால் என்னவென்று தெரியாது. ஆயினும் அவருடைய மூக்கு பொய் சொல்லவில்லை. கிருமியும் நம்மைப் போல் உண்டு, வளர்ந்து, கழிவை வெளிவிடும் உயிரே. அக்கழிவுகளுட் சில எளிதில் ஆவியாகிக் காற்றிற் கலக்கும் பொருள்கள். நோயுற்ற உடலும் தன் பங்குக்குச் சில பொருள்களை மூச்சிலும் வியர்வையிலும் வெளிவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு தொற்றுநோய்க்கும் தனக்கென ஒரு மணம் இருக்கக்கூடும் என்பதில் வியப்பில்லை. அந்த மணத்தைப் பிரித்தறியும் மூக்கு யாரிடம் இருக்கிறது என்பதே கேள்வி.

1991 ஆம் ஆண்டிலே அமெரிக்க விஞ்ஞானிகளான லிண்டா பக் அம்மையாரும் றிச்சட் அக்செல் என்பவரும், மணத்தை ஏற்கும் புரதங்களை ஆக்குகின்ற பரம்பரையலகுகள் ஒரு பெருங் குடும்பமாய் அமைந்திருப்பதைக் கண்டறிந்தனர். அதற்காக 2004 இல் அவர்களுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவர்கள் அந்த ஆராய்ச்சியை நடத்தியது மனித மூக்கிலன்று, எலியின் மூக்கிலேயாம். மனிதரிடத்திற் செயற்படும் இத்தகைய பரம்பரையலகுகள் ஏறக்குறைய 400; எலியிடத்திலோ 1,000க்கும் மேல். நாம் கண்ணால் உலகத்தை அறிகிறோம். எலி மூக்கினால் அறிகிறது. இருளிலே வளைக்குள் வாழும் பிராணிக்கு வேறு வழி ஏது?

நிற்க. இனி நாம் சயரோகத்துக்கு வருவோம். 1882 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 24 ஆம் தேதி, பேர்லின் நகரிலே றொபேட் கொக் என்னும் ஜேர்மன் வைத்தியர், சயரோகத்துக்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிஞர் அவையிலே அறிவித்தார். அன்று தொட்டு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக, இந்நோயைக் கண்டறியும் பிரதான முறை ஒன்றே: நோயாளியின் சளியைக் கண்ணாடித் தகட்டிற் பூசி, சாயமூட்டி, நுணுக்குக்காட்டியினூடாகப் பார்ப்பது. ஏழை நாடுகள் பலவற்றில் அம்முறை இன்றும் வழக்கிலிருக்கிறது. அது செலவு குறைந்தது, நேர்மையானது. கண்டேன் என்று அது சொன்னால் பெரும்பாலும் நம்பலாம். ஆனால் காணவில்லை என்று அது சொல்லும்போதுதான் சங்கடம் தொடங்குகிறது.

ஏனெனில், ஒரு மில்லிலீற்றர் சளியில் 5,000 முதல் 10,000 வரையான கிருமிகளாவது இருந்தாலன்றி நுணுக்குக்காட்டியில் அவை தென்படுவது அரிது. நோயின் ஆரம்ப காலத்திலும், குழந்தைகளிடத்திலும், எயிட்ஸ் நோயை விளைக்கும் வைரஸ் தொற்றியவர்களிடத்திலும் சளியிற் கிருமிகள் சொற்பமாகவே இருக்கும். போதாக்குறைக்கு, பார்ப்பவர் மனிதர். நான் படித்த மிஷன் பாடசாலையில் ஒரு வகுப்புக்கு ஒரு நுணுக்குக்காட்டியே இருந்தது. வரிசையில் நின்று ஒவ்வொருவராக ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, கண்டதைப் படமாக வரையவேண்டும். வெங்காயத் தோலின் கலங்களை வரைந்தவர்கள் சிலர். தங்கள் கண்ணிமை மயிரையே வெகு கவனமாக வரைந்து கொடுத்தவர்கள் பலர். பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டு என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் ஆபிரிக்க நகரமொன்றின் ஆஸ்பத்திரியிலே, காலை தொடங்கி மாலை வரை தகடு தகடாகப் பார்க்கும் ஓர் உத்தியோகத்தரை நினைத்துப் பாருங்கள். இருபதாவது தகட்டில் இருந்த கண், நாற்பதாவது தகட்டிலும் அப்படியே இருக்குமா?

இதன் விளைவு சிறிதன்று. 2023 ஆம் ஆண்டில் மட்டும் உலகிலே ஏறக்குறைய 108 இலட்சம் மக்கள் சயரோகத்துக்கு ஆளானார்கள் என்றும், ஏறக்குறைய 12½ இலட்சம் பேர் அதனால் இறந்தார்கள் என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. மருந்தில்லாத நோயினால் இத்தனை பேர் மாண்டிருந்தால் விதியென்று சொல்லலாம். சயரோகத்துக்கோ மருந்து உண்டு. ஒழுங்காக ஆறு மாத காலம் உட்கொண்டால் மிகப் பெரும்பாலானோர் குணமடைகிறார்கள். ஆகவே இந்த மரணங்களிற் பெரும் பகுதி, காலத்தில் கண்டறியாமையாலும், தொடங்கிய மருந்தை முடிக்காமையாலும் நேர்ந்தவை என்றே கொள்ளவேண்டும்.

இந்த இடத்திலேதான் எலி அரங்கத்துக்கு வருகிறது. ஆயினும் அது முதலில் வந்தது நோயைத் தேடியன்று, மிதிவெடியைத் தேடி. மிதிவெடி என்றால் என்னவென்று நமது நாட்டின் வடக்கிலும் கிழக்கிலும் வளர்ந்த எவருக்கும் விளக்கவேண்டியதில்லை. பெல்ஜியம் தேசத்தவரான பாட் வீட்யென்ஸ் என்பவர் சிறுவயதில் எலிகளை ஆசையோடு வளர்த்தவர். போர் ஓய்ந்த பின்னும் ஆபிரிக்க நாடுகளின் மண்ணுக்குள் மிதிவெடிகள் கிடந்து ஏழை விவசாயிகளின் கால்களைப் பறிப்பதைக் கண்டு, அவற்றை மணத்தினாற் கண்டறிய எலிகளைப் பழக்கினால் என்னவென்று அவர் எண்ணினார். முதலிற் கேட்டவர்கள் நகைத்தார்கள். 1997 இல் பெல்ஜியத்திலே வேலை ஆரம்பமாயிற்று. மிதிவெடி அகற்றும் சாதன விருத்தி என்று பொருள்படும் டச்சுச் சொற்களின் முதலெழுத்துக்களைக் கூட்டி அந்நிறுவனத்துக்கு 'அப்போப்போ' எனப் பெயரிட்டார்கள். 2000 ஆம் ஆண்டில் அவர்கள் தன்சானியா நாட்டின் மொறோகோறோ நகரிலுள்ள சொக்கோயினே விவசாயப் பல்கலைக்கழகத்துக்கு இடம் மாறினார்கள்.

அவர்கள் தெரிந்தெடுத்தது நம் வீட்டுக் கூரையில் ஓடும் எலியன்று. கன்னத்திலே பையுடைய ஆபிரிக்கப் பேரெலி அது. ஒரு கிலோகிராம் அல்லது அதற்குச் சற்று மேலான நிறையுடையது, வால் நீண்டது, பார்வை மங்கியது, மூக்கோ மிகக் கூரியது. கிடைத்த தானியத்தைக் கன்னப் பையில் அடக்கிக்கொண்டுபோய் மண்ணுக்குள் புதைத்து வைத்து, பின்னர் மணத்தினாலே அதைத் தேடி எடுப்பது அதன் பிறவிக் குணம். சாதாரண எலி இரண்டு மூன்று வருடத்தில் முடிந்துவிட, இது எட்டு வருடம் வரை வாழ்வதுண்டு. ஆகையால் பழக்கிய பிரயாசை வீண்போவதில்லை. மிதிவெடியின்மேல் ஏறி நின்றாலும் அது வெடிக்காதபடி அவ்வளவு பாரங்குறைந்தது என்பது இன்னொரு நன்மை. மொசாம்பிக் நாட்டிலே இவ்வெலிகளும் சேர்ந்து உழைத்தன. 2015 செப்டெம்பரில் அந்நாடு மிதிவெடி அற்றதாகப் பிரகடனம் செய்யப்பட்டது. கம்போடியாவிலே உழைத்த மகாவா என்னும் எலிக்கு, 2020 இல் இங்கிலாந்தின் மிருக நலச் சங்கமொன்று தங்கப் பதக்கம் அணிவித்தது. 2022 சனவரியில் முதுமையால் அது இறந்தபோது பல தேசப் பத்திரிகைகள் செய்தி வெளியிட்டன. மனிதர் பலருக்கும் கிட்டாத மரியாதை அது.

மண்ணுக்குள் மறைந்த வெடிமருந்தை மோப்பம் பிடிக்கும் மூக்கு, சளிக்குள் மறைந்த கிருமியை மோப்பம் பிடிக்காதா? இக்கேள்வி எழுந்தது 2000 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திலே. சில ஆண்டுகள் ஆராய்ந்த பின், 2007 இல் தன்சானிய ஆஸ்பத்திரிகளிலிருந்து சளியைப் பெற்று எலிகளைக்கொண்டு மறுபரிசோதனை செய்யும் வேலை தொடங்கியது. 2013 இல் மொசாம்பிக்கின் தலைநகரான மபுற்றோவிலும் அவ்வேலை ஆரம்பமாயிற்று.

எலியை எவ்வாறு பழக்குகிறார்கள் என்பது கேட்கத்தக்க கதை. கண் திறந்து சில நாட்களிலேயே குட்டியை மனிதரின் கைக்கும் குரலுக்கும் வாகன இரைச்சலுக்கும் பழக்கிவிடுகிறார்கள். அடுத்தபடியாக, 'கிளிக்' என்ற சிறு ஓசை கேட்டால் உணவு கிடைக்கும் என்பதை அது கற்கிறது. பின்பு, சயரோகச் சளியின்மேல் மூக்கை வைத்தால்தான் அந்த ஓசை கேட்கும் என்பதைக் கற்கிறது. கிடைக்கும் சன்மானம், மசித்த வாழைப்பழத்தோடு கலந்த தீனி. அடியோ அதட்டலோ கிடையாது. இவ்வாறு பூரணமாகப் பழகுவதற்கு ஏறக்குறைய 9 மாதம் செல்கிறது. வேலை செய்யுமிடம் ஒரு நீண்ட கூண்டு. அதன் அடித்தளத்தில் வரிசையாகப் 10 துவாரங்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு சளிக் கிண்ணம். சூட்டினாற் கிருமியைக் கொன்ற பின்னரே சளியை வைக்கிறார்கள். ஆகவே எலிக்கோ ஊழியருக்கோ தொற்று ஏற்படாது. கிருமி செத்தாலும் மணம் சாவதில்லை. எலி துவாரம் துவாரமாக முகர்ந்து செல்கிறது. நோயில்லாததைக் கண நேரத்தில் கடந்து போகிறது. நோயுள்ளதன்மேல் 3 விநாடி அளவு மூக்கை அசையாது வைத்து நிற்கிறது. சில வேளைகளில் தளத்தைப் பிறாண்டியும் காட்டுகிறது. ஆய்வுகூட உத்தியோகத்தர் ஒருவருக்கு நான்கு நாள் வரை செல்லக்கூடிய 100 சளி மாதிரிகளை ஓர் எலி 20 நிமிடத்தில் முகர்ந்து முடித்துவிடும் என்று அந்நிறுவனத்தார் கூறுகின்றனர்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. தர்க்க சாஸ்திரத்தில் விருப்பமுள்ளவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். பழக்கும்போது, எந்தச் சளியில் நோய் உண்டு என்பது பழக்குபவருக்குத் தெரியும். ஆகவே சரியான வேளையில் உணவு கொடுக்கலாம். ஆனால் மெய்யான வேலையிலே, எந்தச் சளியில் நோய் உண்டு என்பது ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் எலி எதற்கு? அப்படியாயின் உணவு கொடுப்பது எப்போது? எலி காட்டியதற்கெல்லாம் கொடுத்தால், எதைக் காட்டினாலும் வாழைப்பழம் வருமென்று அது கள்ளம் பழகிவிடும். ஒன்றுக்குமே கொடாவிட்டால், வேலையைக் கைவிட்டுவிடும். இதற்கு அவர்கள் கண்ட வழி இதுதான். ஆஸ்பத்திரியிலே நோயுண்டு என ஏற்கெனவே உறுதிப்பட்ட சளிகளை மற்றவற்றோடு கலந்து வைக்கிறார்கள். அவற்றைச் சரியாகக் காட்டினால் மட்டுமே சன்மானம். 'நோயில்லை' என்று ஆஸ்பத்திரி தள்ளிய சளியொன்றை எலி காட்டினால் அதற்கு வாழைப்பழம் இல்லை. ஆனால் ஊழியர் அதைக் குறித்துக்கொள்கிறார். அந்தச் சளி மீண்டும் நுணுக்கமாகப் பரிசோதிக்கப்படுகிறது. கிருமி கண்ணுக்குப் புலப்பட்டால் மட்டுமே நோயாளி அழைக்கப்படுகிறார். மனிதருக்கு மிகுந்த பயனைத் தரும் அந்தக் கணத்தில் எலிக்குக் கூலியில்லை என்பதை நினைக்குந்தோறும் எனக்குச் சற்று நாணமாகவே இருக்கிறது.

இதனால் விளைந்த பயன் யாது? ஒரேயொரு கணக்கை மட்டும் கூறுகிறேன். தன்சானியாவிலே 5 வயதுக்கு மேற்படாத 982 குழந்தைகளின் சளியை ஆராய்ந்த முடிவு 2018 இல் வெளியாயிற்று. சாதாரண நுணுக்குக்காட்டிப் பரிசோதனை அவர்களுள் 34 குழந்தைகளுக்கு நோயுண்டு என்றது. அதே சளியை எலிகள் முகர்ந்தபின், அவை காட்டியவற்றை மீண்டும் நுணுகிப் பரிசோதித்ததில், மேலும் 23 குழந்தைகளிடம் நோய் உறுதியாயிற்று. இந்த 23 என்பது பெரிய தொகையா? புள்ளிவிபரத்தில் அது சிறிய எண். ஆனால் "பயமில்லை, கூட்டிப் போங்கள்" என்ற வார்த்தையைக் கேட்டு, மனம் ஆறுதலடைந்து, பிள்ளையை இடுப்பிலே தூக்கிக்கொண்டு வீடு சென்ற தாய்மாரின் தொகை அது. குழந்தையின் உடலில் இந்நோய் விரைந்து பரவும். அந்தத் தாய்மாரை மறுபடியும் அழைத்து உண்மையைச் சொல்ல வழி செய்தது ஒரு பிராணியின் மூக்கு.

எலியோடு கதை முடிந்துவிடவில்லை. நாயும் இந்தத் தொழிலுக்கு வந்திருக்கிறது. ஆஸ்பத்திரிகளிலே கடும் வயிற்றோட்டத்தை உண்டாக்கும் குளொஸ்திரீடியம் டிபிசில் என்ற பற்றீரியா உண்டு. ஆம்ஸ்ரடாம் நகரிலே கிளிவ் என்னும் இரண்டு வயதுப் பீகிள் நாயை அதன் மணத்துக்குப் பழக்கி, ஆஸ்பத்திரிக் கட்டில்களினிடையே நடத்திச் சென்றார்கள். 300 நோயாளரைக் கடந்து சென்ற அந்நாய், தொற்றுள்ள 30 பேரில் 25 பேரையும், தொற்றில்லாத 270 பேரில் 265 பேரையும் சரியாக இனங்கண்டது. இம்முடிவு 2012 டிசெம்பரில் வெளியாயிற்று. கொறோனாப் பெருந்தொற்றின்போது, 2020 செப்டெம்பரில், பின்லாந்தின் ஹெல்சிங்கி விமான நிலையத்திலும் நாய்களை வைத்துப் பயணிகளைப் பரீட்சித்துப் பார்த்தார்கள். பயணி தம் தோலைத் துடைத்த துணித்துண்டையே நாய் முகர்ந்தது.

மலேரியாவைப் பற்றிய ஆராய்ச்சியோ நமது நாட்டவர் செவிசாய்க்கவேண்டியது. மேற்கு ஆபிரிக்காவிலுள்ள காம்பியா நாட்டிலே, காய்ச்சலின்றி நலமாகத் தோன்றிய பாடசாலைப் பிள்ளைகள் இரவில் அணிந்திருந்த காலுறைகளைச் சேகரித்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அப்பிள்ளைகளுட் சிலருடைய இரத்தத்தில் மலேரியாக் கிருமி மறைந்திருந்தது. மொத்தம் 175 காலுறை மாதிரிகளுள் 30 அத்தகையவை. பழக்கப்பட்ட இரண்டு நாய்கள் அவற்றுள் நூற்றுக்கு ஏறக்குறைய 70 வீதத்தைக் கண்டுபிடித்தன. கிருமியற்ற மாதிரிகளுள் நூற்றுக்கு ஏறக்குறைய 90 வீதத்தைச் சரியாக விலக்கின. 2019 இல் வெளியான இந்த ஆராய்ச்சியை நடத்தியவர்கள், மலேரியாவை ஒழித்த தேசங்களின் துறைமுகங்களிலும் விமான நிலையங்களிலும் இத்தகைய நாய்கள் பயன்படக்கூடும் என்று கருதினார்கள்.

மலேரியாவை ஒழித்த தேசங்களுள் நமது இலங்கையும் ஒன்று. 1934, 35 ஆம் ஆண்டுகளில் இந்நாட்டிலே ஏறக்குறைய 80,000 உயிர்களைக் குடித்த நோய் அது. பின்னர் டி.டி.ரி. மருந்து தெளித்து அடக்கினார்கள். 1963 ஆம் ஆண்டிலே இலங்கை முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர் மட்டுமே. நோய் ஒழிந்ததென்று பலரும் எண்ணினார்கள்; காவல் தளர்ந்தது. 1968, 69 ஆம் ஆண்டுகளிலோ நோயாளரின் எண்ணிக்கை இலட்சக் கணக்கில் ஏறிவிட்டது. பதினேழு எங்கே, இலட்சங்கள் எங்கே! மிச்சமிருந்த சிறு பொறியைக் கவனியாது விட்டதன் பலன் அது. அதன்பின் பல்லாண்டு பாடுபட்டே, 2016 இல் மலேரியா அற்ற நாடென்ற சான்றிதழை உலக சுகாதார ஸ்தாபனத்திடமிருந்து நாம் பெற்றோம். கண்ணுக்குத் தெரியும் நோயாளியைவிடக் கண்ணுக்குத் தப்பிய நோயாளியே நாட்டுக்குப் பேராபத்து என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா?

அன்பர்களே, இதுவரை விலங்குகளின் சிறப்பையே கூறினேன். ஒரு பக்கத்தை மட்டும் காட்டுவது விஞ்ஞானமாகாது. மறு பக்கத்தையும் சொல்லவேண்டியது என் கடமை.

முதலாவதாக, எலி சுட்டிக்காட்டுமேயன்றிக் காரணம் சொல்லாது. தகட்டிற் கிருமியைக் கண்ட உத்தியோகத்தர் மற்றொருவரை அழைத்து "நீங்களும் பாருங்கள்" என்று கூறலாம். எலியின் மூக்குக்குள் நாம் எட்டிப் பார்க்க முடியாது. இரண்டாவதாக, எலியும் தவறும். நோயில்லாதவரை உண்டென்று காட்டுவதும், உள்ளவரைத் தவறவிடுவதும் நிகழ்கின்றன. கிருமியை ஊட்டத்தில் வளர்த்துப் பார்க்கும் மிக நுட்பமான முறையோடு ஒப்பிட்டு, தன்சானியாவில் நடத்திய ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2015 இல் வெளியானது. அதன்படி எலிகள் கண்டுபிடித்தது நோயாளருட் பாதிப் பேரைவிடச் சற்றே கூடுதலானவர்களைத்தான். உலக சுகாதார ஸ்தாபனமும் எலியின் மோப்பத்தை நோய்நிர்ணய முறையாக அங்கீகரிக்கவில்லை. மூன்றாவதாக, கிருமியின் பரம்பரையலகைத் தேடி இரண்டு மணி நேரத்துக்குள் விடை கூறும் இயந்திரங்கள் வந்துவிட்டன. அவற்றுள் ஒன்றை 2010 இல் அதே ஸ்தாபனம் சிபார்சு செய்தது.

அப்படியாயின் எலி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அந்த இயந்திரத்துக்கு மின்சாரம் வேண்டும். பழுது பார்ப்பவர் வேண்டும். ஒவ்வொரு பரிசோதனைக்கும் விலை கொடுத்து வாங்கும் பெட்டகம் வேண்டும். ஏழை நாடொன்றில் இருமிக்கொண்டு வரும் அனைவருக்கும் அதைச் செய்யப் பணம் போதாது. எலிக்கு வேண்டுவன தீனியும், கூண்டும், பொறுமையுள்ள ஒரு மனிதரும். அது நூறு பேரை விரைவில் முகர்ந்து, "இந்தப் பத்துப் பேரை மறுபடியும் பாருங்கள்" என்று சொல்லுமானால், விலையுயர்ந்த பரிசோதனையை அந்தப் பத்துப் பேரிடம் செலவிடலாம். ஆகவே எலி நீதிபதியன்று. அது ஒரு சாட்சி. சாட்சி சொன்னதை விசாரித்துத் தீர்ப்புக் கூறுவது மனிதரின் பொறுப்பு. சாட்சி எலியாயிற்றே என்று விசாரியாமல் விடுவதும் பிழை. எலி சொல்லிவிட்டதென்று விசாரியாமல் தண்டிப்பதும் பிழை. 'ஆபிரிக்காவின் அற்புத எலி' என்று வியந்து எழுதுவோரும், 'எலியாவது வைத்தியமாவது' என்று இகழ்வோரும் இந்த ஒன்றை மறந்துவிடுகிறார்கள்.

இறுதியாக, நம்மைப் பற்றி ஒரு வார்த்தை. நமது நாட்டில் இவ்வேலைக்கு எலிகள் இல்லை. அவை இல்லையே என்று வருந்தவும் வேண்டியதில்லை. மாவட்டந்தோறும் மார்புநோய்ச் சிகிச்சை நிலையம் இருக்கிறது. பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஆயினும் நமது ஊர்களிலே சயரோகம் என்ற சொல்லை இன்னும் குரலைத் தாழ்த்தியே சொல்கிறார்கள். இருமலை 'தடிமன்' என்கிறார்கள்; உடம்பு மெலிந்தால் 'யோசனை' என்கிறார்கள். வீட்டில் குமர்ப்பிள்ளை இருந்தால் கலியாணப் பேச்சுக் குழம்பிவிடுமென்று தகப்பனின் நோயை மறைக்கிறார்கள். மறைத்த நோய் முதலில் யாரைப் பிடிக்கிறது? யாருக்காக மறைத்தார்களோ அந்தப் பிள்ளையைத்தான். மோப்பத்துக்குத் தப்பிய நோயை இயந்திரம் பிடிக்கலாம். இயந்திரத்துக்குத் தப்பியதை வைத்தியர் பிடிக்கலாம். வெட்கத்தினால் வீட்டுக்குள் பூட்டி வைத்த நோயை எந்த மூக்கினாலும் பிடிக்க இயலாது.

ஆகவே இச்சங்கத்து வாலிபர்களிடம் நான் வேண்டுவது பெரிய காரியமன்று. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல், மாலைக் காய்ச்சல், இரவில் வியர்த்தல், காரணமின்றி மெலிதல் ஆகியவை உங்கள் வீட்டிலோ அயலிலோ ஒருவரிடம் காணப்பட்டால், அவரைப் பழியாமல், அவரைக் குறித்துப் பிறரிடம் கதையாமல், சிகிச்சை நிலையத்துக்குத் துணையாகக் கூட்டிச் செல்லுங்கள். நோய் என்று தெரியவந்தால், ஆறு மாத மருந்தையும் அவர் தவறாது முடிக்கும்வரை விசாரித்துக்கொண்டிருங்கள். மருந்து தொடங்கிச் சில வாரங்களிலே பிறருக்குத் தொற்றும் தன்மை பெரிதும் குறைந்துவிடும் என்பதை அவர் வீட்டாருக்கு எடுத்துச் சொல்லுங்கள். மொறோகோறோ நகரத்து எலி தனக்குக் கூலியில்லாத வேளையிலும் சரியான கிண்ணத்தின்மேல் நின்று காட்டுகிறது. பகுத்தறிவு படைத்த நாம் நம் அயலவருக்காக இவ்வளவும் செய்யலாகாதா?